பழைய கள், புது மொந்தை: அதே படத்தை மறுபடி வாங்கும் முன்

ஒரே படத்தைக் கேசட்டாக ஒரு முறை, விசிடியாக ஒரு முறை, டிவிடியாக ஒரு முறை, ப்ளூரேயாக ஒரு முறை, கடைசியில் ஏதோ ஒரு செயலியில் ‘வாங்கு’ பொத்தானை அழுத்தி இன்னொரு முறை என்று காசு கொடுத்தவர்கள் நம்மில் நிறையப் பேர் உண்டு. ஜப்பானில் விஎச்எஸ் கடைக்கு வந்தது 1976-ல். விசிடிக்கான தரநிலை 1993-ல் எழுதப்பட்டது. டிவிடி 1996 கடைசியில், ப்ளூரே 2006-ல், 4கே ப்ளூரே 2016-ல். நடுவே எச்டி டிவிடி என்று ஒன்றும் 2006-ல் வந்தது. 2008 பிப்ரவரியில் தோஷிபா அதைக் கைவிட்டதும், நம்பி வாங்கியவர்கள் இரண்டே ஆண்டில் திரும்பவும் கடைக்குப் போனார்கள்.

ஒவ்வொரு முறையும் நம்மிடம் சொல்லப்படுவது ஒன்றுதான்: இதில் படம் இன்னும் தெளிவாக இருக்கும். பாதிப் படங்களுக்கு அது பொய். தட்டுதான் மாறுகிறது, தட்டுக்குள் போகும் மாஸ்டர், அதாவது எல்லா நகலும் எடுக்கப்படும் மூலப்பதிவு, மாறுவதில்லை. எப்போதோ ஒரு திரையரங்கப் பிரிண்ட்டிலிருந்து டேப்பில் ஏற்றிவைத்த மாஸ்டரிலிருந்து கேசட் போடுவார்கள், விசிடி போடுவார்கள், டிவிடி போடுவார்கள், இன்று அதையே இழுத்துப் பெரிதாக்கி ‘எச்டி’ என்று இணையத்தில் ஏற்றுவார்கள். நெகட்டிவிலிருந்து புதிதாக ஸ்கேன் செய்திருந்தால் மட்டுமே மறுபடி காசு கொடுப்பதில் நியாயம் உண்டு. அது நடந்திருக்கிறதா என்று வாங்குமுன் கண்டுபிடிக்க வழி இருக்கிறது.

உறையை நம்பாமல் படத்தைப் பார்ப்பது

முதலில் அகலம். தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம் 1973-ல் வந்த ‘ராஜராஜ சோழன்’. அதற்குப் பிறகு நம் படங்களில் பெரும்பங்கு இந்த அகலத் திரைக்கே எடுக்கப்பட்டது. அகலமும் உயரமும் 2.35க்கு 1. பழைய டிவியின் அளவோ 4க்கு 3. டிவியை நிரப்ப வேண்டும் என்று இரு பக்கமும் வெட்டினால் படத்தின் அகலத்தில் 43 விழுக்காடு போய்விடும். இருவர் எதிரெதிரே நின்று பேசும் காட்சியில் ஒருவருடைய மூக்கு மட்டும் தெரிவது இதனால்தான். கேசட்டிலும் விசிடியிலும் இது சகஜம். டிவிடியிலும் உண்டு.

வெட்டாமல் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விட்டுப் போட்டிருந்தாலும் அதில் இரண்டு வகை இருக்கிறது. பால் (PAL) என்ற நம் ஊர் டிவி முறைக்கான டிவிடியில் மொத்தம் 576 வரிகள். 4:3 சட்டத்துக்குள் பட்டை விட்டுப் போட்டால் படத்துக்குக் கிடைப்பது ஏறத்தாழ 327 வரிகள். படத்தைப் பக்கவாட்டில் நெருக்கிப் பதிந்து திரையில் விரிக்கும், 16:9க்கான அனமார்ஃபிக் முறையில் போட்டால் 436 வரிகள். ஒரே படம், ஒரே டிவிடி, மூன்றில் ஒரு பங்கு தெளிவு கூடுதல். கண்டுபிடிப்பது எளிது. அகலத் திரை டிவியில் போட்டுப் பாருங்கள். நான்கு பக்கமும் கறுப்பாக இருந்து, நடுவில் சன்னல் மாதிரிப் படம் தெரிந்தால் அது பழைய வகை. ரிமோட்டில் ஜூம் செய்தால் திரை நிறையும், வரி கூடாது.

அடுத்தது ஒரு தட்டில் எத்தனை படம் என்ற கணக்கு. விசிடியில் ஒரு ஃபிரேம் 352×288 புள்ளிகள், படத்துக்கு நொடிக்கு 1,150 கிலோபிட். டிவிடியில் 720×576, அதாவது நான்கு மடங்கு புள்ளிகள். ஒற்றை அடுக்கு டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜிபி. இரண்டரை மணி நேரப் படம் ஒன்றை அதில் வைத்தால் நொடிக்கு 4,000 கிலோபிட்டுக்குச் சற்று மேல் கிடைக்கும், அது போதும். இரட்டை அடுக்கில், 8.5 ஜிபியில் வைத்தால் 7,500ஐத் தொடும், அருமை. ‘3 இன் 1’ என்று மூன்று படத்தை ஒற்றை அடுக்கில் திணித்தால்? ஒலியையும் சேர்த்து 1,400 கிலோபிட்கூட வராது. விசிடிக்குக் கிடைத்த அதே தீனியை நான்கு மடங்கு பெரிய படத்துக்குப் போடுகிறார்கள். மழைக் காட்சியிலும் சண்டைக் காட்சியிலும் படம் கட்டம் கட்டமாக உடைவது வேறு எதனாலும் அல்ல. 2007-ல் மோசர் பேர் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் கொண்டுவந்து, திருட்டு விசிடியோடு நேருக்கு நேர் விலையில் மோதியது நல்ல காரியம்தான். ஆனால் விலைப் போட்டி என்று வந்த பிறகு சந்தையில் மூன்று படத் தட்டுகள் குவிந்தன. ஒரு படத்துக்கு ஒரு தட்டு என்றிருக்கும் பழைய பதிப்பு கையில் இருந்தால், கீறல் இருந்தாலும் அதை விட்டுவிடாதீர்கள்.

மூன்றாவது, படத்தை நிறுத்தி ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்துவது. கணினியில் விஎல்சி என்ற படம் ஓட்டும் மென்பொருளில் ‘ஈ’ எழுத்து விசை, அதாவது ஆங்கில ஐந்தாம் எழுத்து, ஒவ்வொரு ஃபிரேமாக முன்னே தள்ளும். யாராவது கையை வீசும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு ஐந்து ஃபிரேமிலும் இரண்டில் மட்டும் சீப்புப் பல் போல் கோடு தெரிந்தால், அது நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும் ஃபிலிமை அமெரிக்க என்டிஎஸ்சி முறைக்கு ஒழுங்காக மாற்றியது. மென்பொருளில் அதைத் திரும்ப 24 ஃபிரேமாகப் பிரித்தெடுக்கலாம், நட்டமில்லை. ஆனால் ஒரு கைக்கு இரண்டு கையாக, ஆவி போல் ஒன்றின்மேல் ஒன்று படிந்து தெரிந்தால், அது பால் டேப்பை எடுத்து என்டிஎஸ்சியாகக் குழைத்தது. குழைத்ததைப் பிரிக்க முடியாது. வெளிநாட்டுச் சந்தைக்காகப் போட்ட தமிழ் டிவிடிகளில் இந்தக் குறை நிறைய. இப்படிப்பட்ட டிவிடியிலிருந்து உருவான ‘ரீமாஸ்டர்’ எதற்கும் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

இணையத்தில் 4கே என்று வருவதற்கும் இதே சோதனைதான். ஃபிலிமுக்கு மணல் தூவியது போன்ற மெல்லிய துகள் உண்டு. அது அறவே இல்லாமல் முகம் மெழுகுபோல் வழுவழு என்றிருந்து, மீசையின் ஓரத்திலும் புடவைக் கரையிலும் வெள்ளைக் கோடு கட்டியிருந்தால், பழைய டேப்பை மென்பொருளால் ஊதிப் பெரிதாக்கியிருக்கிறார்கள். ஒலியிலும் இந்த வேலை உண்டு. மோனோவாகப் பதிவான 1960களின் படத்துக்கு உறையில் ‘5.1’ என்று போட்டிருப்பார்கள். குரலை நடுவில் வைத்து, அதே குரலுக்கு எதிரொலி சேர்த்துப் பின்பக்க ஸ்பீக்கருக்கு அனுப்பியது அது. மூல மோனோ ஒலித்தடமும் தட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதைத்தான் கேட்க வேண்டும்.

சென்சார் சான்றிதழை வைத்துக் கணக்குப் போடுவது

பாட்டு ஒன்றைக் காணோம், நகைச்சுவைப் பகுதி ஒன்றைக் காணோம் என்பது நம் ஊர் டிவிடிகளின் தீராத நோய். முழுப் படமா என்று பார்க்க ஒரு நேர்வழி இருக்கிறது. படம் தொடங்குமுன் வரும் சென்சார் சான்றிதழில் ரீல் எண்ணிக்கையும், மீட்டரில் நீளமும் இருக்கும். 35 மிமீ ஃபிலிம் நிமிடத்துக்கு 27.4 மீட்டர் ஓடும். நீளத்தை 27.4ஆல் வகுத்தால் நிமிடம் வந்துவிடும். 4,000 மீட்டர் என்றால் 146 நிமிடம். மிகப் பழைய சான்றிதழில் அடிக்கணக்கு இருந்தால் 90ஆல் வகுக்க வேண்டும்.

இங்கே ஒரு சிக்கல் குறுக்கே வரும். டிவிடி 140 நிமிடம்தான் ஓடுகிறது என்றால் ஆறு நிமிடத்தை வெட்டிவிட்டார்கள் என்று உடனே முடிவு கட்டக் கூடாது. பால் முறை நொடிக்கு 25 ஃபிரேம் ஓடும். 24 ஃபிரேம் படத்தை அப்படியே 25ஆக ஓட்டிவிடுவதுதான் வழக்கம். அதனால் படம் நான்கு விழுக்காடு சீக்கிரம் முடியும், 146 நிமிடம் 140 ஆகிவிடும். வெட்டு எதுவும் இல்லை.

வெட்டு இல்லை, ஆனால் பாட்டு கெட்டுப்போகும். வேகம் கூடும்போது சுருதியும் கூடுகிறது. ஏறத்தாழ அரைக்கட்டைக்குச் சற்றுக் குறைவாக ஏறிவிடும். ஒரு கட்டையில் பாடியது ஒன்றரைக் கட்டையை நெருங்கி நிற்கும். தம்புராவோ ஆர்மோனியமோ வைத்துக்கொண்டு கூடவே பாடிப் பார்ப்பவர்களுக்கு இது உடனே உறுத்தும். எல்பி ரெக்கார்டில் கேட்ட பாட்டு டிவிடியில் அந்நியமாகப் படுவதற்கு இதுவும் ஒரு காரணம். சரிசெய்யலாம். படத்தை எம்கேவி கோப்பாக எடுத்துக்கொண்டு, ஒலியைத் தனியே பிரித்து, ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் வேகத்தை மாற்றும் கருவியில் 0.96 என்று கொடுங்கள். சுருதியை மாற்றாமல் நேரத்தை மட்டும் நீட்டும் கருவி வேறொன்று பக்கத்திலேயே இருக்கும், அதைத் தொட்டால் வேலை கெடும். பிறகு எம்கேவிடூல்நிக்ஸ் என்ற மென்பொருளில் படத்தின் வேகத்தை நொடிக்கு 24 ஃபிரேம் என்று குறித்து இரண்டையும் இணைத்தால் முடிந்தது.

எப்போது வாங்கலாம்

நெகட்டிவிலிருந்து ஸ்கேன் செய்த ப்ளூரே கிடைத்தால் தயங்க வேண்டாம். டிவிடிக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு மலைக்கும் மடுவுக்கும். 1920×1080 புள்ளிகள், 25 அல்லது 50 ஜிபி, படம் 24 ஃபிரேமாகவே இருப்பதால் மேலே சொன்ன சுருதித் தொல்லையும் இல்லை. ப்ளூரேயிலிருந்து 4கேக்கு மாறுவது வேறு கணக்கு. 43 அங்குல டிவியில் ஐந்தரை அடிக்கு மேல் தள்ளி உட்கார்ந்தால், 1080 வரிப் படத்தின் தனிப்புள்ளியையே நல்ல கண்ணாலும் பிரித்துப் பார்க்க முடியாது. 55 அங்குலத்துக்கு அந்தத் தூரம் ஏழு அடி. நம் வீடுகளில் சோபா பத்தடி தள்ளித்தான் கிடக்கிறது. ஆகவே 4கேயில் கிடைக்கும் கூடுதல் புள்ளிகளுக்காக வாங்குவது வீண். எச்டிஆர் என்ற ஒளிவீச்சு தெரியும், ஆனால் டிவி அதற்கேற்ற வெளிச்சம் தருவதாக இருக்க வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து உறவினர்கள் வாங்கி அனுப்பும்போது, தட்டு எந்த நாட்டுப் பிளேயரில் ஓடும் என்பதைக் குறிக்கும் மண்டல எண்ணைக் கேட்டுக்கொள்ளுங்கள். டிவிடியில் இந்தியாவும் இலங்கையும் 5, சிங்கப்பூரும் மலேசியாவும் 3, பிரிட்டன் 2, கனடா 1. ப்ளூரேயில் நமக்கு சி, சிங்கப்பூருக்கும் கனடாவுக்கும் ஏ, பிரிட்டனுக்கு பி. 4கே ப்ளூரேக்கு மண்டலமே கிடையாது. கணினியின் டிவிடி டிரைவில் மண்டலத்தை ஐந்து முறைதான் மாற்றலாம். ஐந்தாவது முறை வைத்ததிலேயே அது நின்றுவிடும்.

கையில் இருப்பதைக் காப்பாற்றுவது

புதிதாக வாங்குவதைவிட இது அவசரம். வீட்டு விசிஆரைக் கடைசியாகத் தயாரித்துவந்த ஃபுனாய் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. ப்ளூரே பிளேயர் செய்வதை ஓப்போ 2018-லும் சாம்சங் 2019-லும் விட்டன. தட்டு நன்றாக இருந்தும் ஓட்டக் கருவி இல்லை என்ற நிலைமை வந்துகொண்டே இருக்கிறது. தட்டும் சாகும். வார்னர் நிறுவனத்தின் 2006 முதல் 2008 வரையான டிவிடிகளில் சில, கீறலே இல்லாமல் படிக்க முடியாமல் போவதை அந்த நிறுவனமே 2025-ல் ஒப்புக்கொண்டது.

இரட்டை அடுக்கு டிவிடியில் ஒரு வினோதம் கவனிக்கத்தக்கது. முதல் அடுக்கு நடுவிலிருந்து விளிம்புக்கு ஓடும், இரண்டாம் அடுக்கு விளிம்பிலிருந்து நடுவுக்குத் திரும்பும். கெடுதல் பெரும்பாலும் விளிம்பில்தான் தொடங்குகிறது. ஆகவே படத்தின் தொடக்கமும் முடிவும் நன்றாக ஓடி, இடைவேளையை ஒட்டி மட்டும் திணறினால் லென்ஸைத் துடைத்துப் பயனில்லை, தட்டு அழுக ஆரம்பித்துவிட்டது. அன்றைக்கே நகல் எடுத்துவிடுங்கள்.

துடைப்பதென்றால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோடாக, மென்மையான துணியால். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் தடத்தோடு சேர்ந்து நீளும். பிழைதிருத்தும் ஏற்பாட்டால் குறுக்குக் கீறலைத் தாண்ட முடியும், நீளக் கீறலைத் தாண்ட முடியாது. விசிடியில் ஆபத்து மேல்பக்கத்தில். அச்சடித்த பக்கத்தின் மெல்லிய பூச்சுக்கு அடியிலேயே வெள்ளிப் படலம் இருக்கிறது. அங்கே பேனாவால் அழுத்தி எழுதுவதும், ஸ்டிக்கர் ஒட்டி உரிப்பதும் படத்தையே உரிப்பதுதான்.

டிவிடியை நகலெடுக்க மேக்எம்கேவி என்ற மென்பொருள் போதும். படத்தை மறுபடி சுருக்காமல் அப்படியே எடுத்துத் தரும், ஒரு படத்துக்கு 4 முதல் 7 ஜிபி ஆகும். பாதியில் நின்றால், கெட்ட தட்டிலிருந்து தகவலை மீட்கும் டிடிரெஸ்க்யூவுக்குப் போக வேண்டும். அதற்கு முன் அந்தத் தட்டை விஎல்சியில் சில நொடிகள் ஓட்டுங்கள். பூட்டுள்ள டிவிடியில் டிரைவ் ஒருமுறை திறக்கப்படாவிட்டால் நல்ல பகுதியைக்கூடப் பிழை என்றே சொல்லும். பிளாக் அளவு 2048 பைட் என்று கொடுத்து, முதல் சுற்றில் கெட்ட இடங்களைத் தாண்டிப் போகச் சொல்லுங்கள். இரண்டாம் சுற்றில் அவற்றை மட்டும் மூன்று முறை முயலட்டும். எந்த இடம் படிக்கப்பட்டது என்று அது குறித்துவைக்கும் மேப் கோப்பை அழித்துவிடாதீர்கள். அது இருந்தால் அதே தட்டை வேறொரு டிரைவில் போட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஒரு டிரைவ் மறுப்பதை இன்னொன்று படிப்பது அடிக்கடி நடக்கும்.

விசிடியை அப்படி எடுக்க முடியாது. தகவல் சிடியில் ஒவ்வொரு பகுதிக்கும் கூடுதல் பிழைதிருத்தக் குறியீடு உண்டு. விசிடியில் அந்த இடத்தையும் படத்துக்கே கொடுத்துவிட்டார்கள். 650 எம்பி சிடியில் 74 நிமிடப் படம் அடங்கியதன் ரகசியம் அதுதான். சின்னக் கீறலுக்கே விசிடி உறைந்துபோவதற்கும் அதுவே காரணம். கோப்புறையிலிருந்து டேட் (.dat) என்று முடியும் படக்கோப்பை இழுத்துப் போட்டால் கெட்ட இடம் வந்ததும் விண்டோஸ் கைவிரித்துவிடும். ஐசோபஸ்டரிலோ, லினக்ஸில் விசிடிஇமேஜரின் பிரித்தெடுக்கும் கருவியிலோ எம்பெக் கோப்பாக எடுக்க வேண்டும். டிரைவின் வேகத்தை 4 மடங்குக்குக் குறைத்தால் கீறல் விழுந்த தட்டும் பல நேரம் இறங்கிவரும்.

கேசட்டில் முதலில் பார்க்க வேண்டியது பூஞ்சை. கண்ணாடிச் சன்னல் வழியே டேப் சுருளின் விளிம்பில் வெள்ளைப் பொடியோ நூலோ தெரிந்தால் டெக்கில் போடவே கூடாது. ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்துப் போடும் ஒவ்வொரு கேசட்டுக்கும் பரவும். கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் பீரோவுக்குள் கிடந்த கேசட் என்றால் சந்தேகப்பட்டே எடுங்கள். சுத்தமான கேசட்டை ஒருமுறை கடைசிவரை ஓட்டிச் சுற்றித் திரும்பவும் சுற்றிவிட்டு, பிறகு ஓட்டலாம். ஹெட்டைத் துடைக்க 99 விழுக்காடு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் மெல்லிய மான்தோல் துணியும் வேண்டும். காது குடையும் பஞ்சுக்குச்சியின் இழை ஹெட் இடுக்கில் மாட்டிக்கொள்ளும். துணியை அசைக்காமல் வைத்துக்கொண்டு டிரம்மைத்தான் கையால் சுழற்ற வேண்டும். மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் முறியும்.

கணினியில் ஏற்றும்போது 720×576, 25 ஃபிரேம், வரிப்பின்னல் (ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளும் மாறி மாறி வரும் அமைப்பு) கலையாமல், ஹஃப்ஒய்யுவி போன்ற இழப்பில்லாச் சுருக்கத்தில் எடுங்கள். மணிக்கு 30 ஜிபிக்கு மேல் பிடிக்கும். மலிவான யுஎஸ்பி கருவிகள் நேரே எம்பி4 ஆக்கித் தருவது வசதிதான், ஆனால் கேசட்டின் இரைச்சலையே படமென்று நினைத்துப் பிட்டையெல்லாம் அதற்குச் செலவழித்துவிடும். முகம் கட்டமாகும். நிற்கும் கோடுகள் நெளிந்தால் நடுவே வரிகளின் நேரத்தைச் சீராக்கும் டைம் பேஸ் கரெக்டர் என்ற கருவி தேவை, வேறு எதனாலும் அது நேராகாது. கடையில் வாங்கிய ஒரிஜினல் கேசட்டில் வெளிச்சம் கூடிக் குறைந்து துடித்தால், அது நகலைத் தடுக்க வைத்த மேக்ரோவிஷன்.

சட்டம் பற்றி: இந்தியாவில் 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு சொந்த உபயோகத்துக்கான நியாயமான பயன்பாட்டுக்கு இடம் தருகிறது. 2012 திருத்தத்தில் வந்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பதைக் குற்றமாக்குகிறது. அமெரிக்காவில் 1998 சட்டம் இன்னும் கடுமை. தட்டை விற்காமல் உங்களிடமே வைத்துக்கொண்டு, நகலை யாருக்கும் கொடுக்காமல் இருங்கள்.

‘வாங்கு’ என்ற பொத்தான்

இதில் வாங்குவது படம் அல்ல, பார்க்கும் உரிமை. கடை மூடினால் அதுவும் போகும். ஹாலிவுட் நிறுவனங்கள் சேர்ந்து 2011-ல் தொடங்கிய அல்ட்ராவயலட் என்ற டிஜிட்டல் படச் சேவை 2019 ஜூலை 31 அன்று மூடப்பட்டது. ஃபனிமேஷன் என்ற ஜப்பானிய அனிமேஷன் படச் சேவை 2024 ஏப்ரல் 2 அன்று நின்றபோது, ப்ளூரே உறைக்குள் இருந்த குறியீட்டைப் பதிந்து மக்கள் சேர்த்துவைத்த டிஜிட்டல் பிரதிகளும் சேர்ந்தே போயின. தட்டு கையில் இருந்தவர்களுக்குத் தட்டு மிஞ்சியது. இது வெறும் உரிமம்தான் என்று வாடிக்கையாளரிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்ற கலிஃபோர்னியச் சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. அப்படிச் சொல்லாத ஊரிலும் நிலைமை அதுதான். வாடகைக்குப் பார்க்க வேண்டிய படத்தை வாடகைக்கே பாருங்கள், வாங்கும் விலை கொடுக்காதீர்கள்.

எடுத்த நகல்களை வைக்கும் இடம் கடைசி வேலை. 200 டிவிடிக்கு ஒன்றேகால் டிபி போதும். 2 டிபி ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்கி, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். எஸ்எஸ்டி வேண்டாம், மின்சாரம் இல்லாமல் நெடுநாள் கிடந்தால் பதிவு கசியும். அடியில் ஊதா நிறம் தெரியும் டிவிடி-ஆரில் எழுதி வைப்பதும் வேண்டாம், அதன் சாயம் அச்சுத் தட்டைவிட முன்னாலேயே வெளுக்கும். டிஸ்க்கை ஃபேட்32ஆக விட்டுவிட்டால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது, முதலிலேயே என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றுங்கள். ஒவ்வொரு கோப்புக்கும் ஷா-256 என்ற, கோப்பின் கைரேகை போன்ற எண்ணைக் கணக்கிட்டு ஓர் உரைக்கோப்பில் சேமித்து, ஆண்டுக்கு ஒருமுறை இரண்டு டிஸ்க்கையும் சுழலவிட்டுச் சரிபாருங்கள். எண் மாறியிருந்தால் அந்தக் கோப்பை மட்டும் மற்ற டிஸ்க்கிலிருந்து எடுத்துப் போட்டால் ஆயிற்று. கோப்பின் பெயரில் படத்தின் பெயரோடு ஆண்டையும், எந்தத் தட்டிலிருந்து எடுத்தது, பாலா என்டிஎஸ்சியா, எத்தனை நிமிடம் என்பதையும் சேர்த்து எழுதிவிடுங்கள். நாளை யாராவது புதுப் பதிப்பை நீட்டும்போது ஒப்பிட அந்த ஒரு வரி போதும்.